வரி வெட்டிய குழலுக்கு எந்தக் குண்டு

எண்பதுகளின் நடுவில், பிரான்சுக்கு அகதியாக வந்த புதிதில், லா சப்பலில் வேட்டைத் துவக்குகள் விற்கும் கடையொன்றைக் காலையில் கூட்டித் துடைத்து வந்தேன். அங்கே விற்பனையாளராக இருந்தவர் பொண்டி என்ற புறநகரிலிருந்து வரும் பாண்டிச்சேரிக்காரர், பிரெஞ்சுக் குடிமகன். கழுத்துப்பட்டி இல்லாமல் அவரை நான் கண்டதில்லை. எந்தத் துவக்கைக் கொடுத்தாலும் சுண்டுவிரலைக் குழல் வாய்க்குள் விட்டுத் தடவிப் பார்த்த பிறகுதான் பேசுவார்.

ஒருநாள் பன்றி வேட்டைக்காரர் ஒருவர் வந்து, வரி போட்ட ஈயக்குண்டு கேட்டார். இவர் அவருடைய துவக்கைத் தடவிவிட்டு, "உங்கள் குழலுக்குள்ளேயே வரி வெட்டியிருக்கிறது. நீங்கள் கேட்பது வழுவழுப்பான குழலுக்கு. இதற்குப் பிளாஸ்டிக் உறை போட்ட குண்டுதான் நேராகப் போகும்" என்று பிரெஞ்சில் சொன்னார்.

வந்தவர் இவரைப் பார்த்தார். பிறகு துடைப்பத்தோடு நின்ற என்னைப் பார்த்தார்.

"பிரெஞ்சுக்காரர் யாரும் இல்லையா?"

முதலாளி வந்தார். குண்டுகளைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. இவரை உள்ளறைக்குக் கூப்பிட்டுக் கேட்டுக்கொண்டு வந்து அதையே சொன்னார். வேட்டைக்காரர் முதலாளிக்குக் கைகொடுத்துவிட்டு, உறை போட்ட குண்டுப் பெட்டியோடு போனார்.

"விசரன். விடுங்கோ ஐயா" என்றேன் விற்பனையாளரிடம்.

"நாளையிலேருந்து கடை திறக்கறதுக்கு முன்னாடியே வந்து முடிச்சிட்டுப் போயிடுங்க" என்றார். "உங்களையும் என்னையும் சேத்துப் பாத்துதான் அவன் அப்படிக் கேட்டான்."

மறுநாள் ஒரு மணித்தியாலம் முந்திப் போனேன். சாவி அவரிடம் இருந்ததால் அவரும் முந்தி வரவேண்டியிருந்தது. கதவைத் திறந்துவிட்டு, நான் முடிக்கும்வரை வெளியே குளிரில் நின்றார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. அந்தக் குளிர்காலம் முழுக்க அப்படியே நின்றார். அவரில் எனக்கு வந்த கோபம், ஏனோ, அதற்கு மேல் வளரவேயில்லை.