எல்லை பற்றி நான் கொடுத்த இரண்டு வாக்குமூலங்கள்

முதலில் என் கையெழுத்துக்கும் எழுத்துப் பிழைகளுக்கும் மன்னிக்கவேண்டும். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் கையொப்பம்தான். எங்கே சின்ன ர வரும், எங்கே பெரிய ற வரும் என்று எனக்கு இன்றைக்கும் நிச்சயமில்லை. வாசிக்கிறவர்கள் இடத்துக்குத் தக்கபடி போட்டு வாசித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் ஒட்டுசுட்டானிலிருந்து தெற்கே, காட்டுக்குள் இருக்கிறது. ஒரு குளம், அதற்குக் கீழே வயல், முப்பது வீடு, ஒரு பிள்ளையார், அவ்வளவுதான் ஊர். வடக்கே பழைய வண்டில் பாதை. தெற்கே மாரியில் மட்டும் தண்ணீர் ஓடுகிற ஆறு. இரண்டுக்கும் நடுவில் நாங்கள். காணிக்குப் பொறுப்பான அரசாங்க அலுவலகம், எங்கள் பேச்சில் கந்தோர், வடக்கில் ஒன்று, தெற்கில் ஒன்று. வடக்குக் கந்தோரின் வரைபடத்தில் அவர்களுடைய எல்லை ஆறு வரைக்கும் வருகிறது. தெற்குக் கந்தோரின் வரைபடத்தில் அவர்களுடைய எல்லை வண்டில் பாதை வரைக்கும் போகிறது. ஆகவே எங்கள் ஊருக்கு இரண்டு சொந்தக்காரர். கேட்கிறவர்கள் எங்களைக் கொடுத்துவைத்தவர்கள் என்று நினைக்கக்கூடும்.

இரண்டு கந்தோருக்கும் காணிதான் வேண்டும். காணியின் மேல் நிற்கிற சனம் வேண்டாம். யானை வந்து நெல்மூட்டையோடு எங்கள் சமைக்கிற குசினியையும் இழுத்துப்போட்ட வருடம் நான் நட்டஈடு கேட்டுப் போனேன். யானை தெற்கால் வந்தது, அங்கே போய்க் கேளுங்கள் என்றார்கள் வடக்கில். குசினி பிணக்கில் இருக்கிற இடத்தில் இருக்கிறது, எங்களால் ஒன்றும் செய்யமுடியாது என்றார்கள் தெற்கில். யானைக்கு மட்டும் அந்தப் பிணக்குத் தெரியவில்லை. பஸ் நிற்பதற்குக் கொட்டில் கட்ட மாத்திரம் இரண்டு பேரும் வந்தார்கள். ஆளுக்கொன்று, பெரிய பெயர்ப்பலகையோடு. பஸ் வருவதில்லை. ஒன்றில் ஆடு படுக்கிறது. மற்றதில் நாங்கள் வைக்கோல் அடுக்குகிறோம்.

என் அப்பா தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். எழுபத்தேழு கலவரத்தில் தோட்டத் தொழிலாளர் இருந்த லயத்தை எரித்தபோது, கைக்குழந்தையான என்னையும் தூக்கிக்கொண்டு இங்கே வந்து காடு வெட்டினார். இரண்டு ஏக்கர் வெட்டினார். அதற்குக் கடதாசி எடுக்க அவர் கடைசிவரைக்கும் போகவில்லை. காணிக்குக் கடதாசி கேட்டால், முதலில் நீ யார் என்பதற்குக் கடதாசி காட்டு என்பார்கள் என்று அவருக்குத் தெரியும். அதுவும் அவரிடம் இருக்கவில்லை; தோட்டத்துச் சனம் பலருக்கு அந்த நாளில் குடியுரிமையே இல்லை.

பிறகு சண்டை வந்தது. சண்டைக்கும் ஒரு எல்லை இருந்தது. அது எங்கள் வீட்டுக் கூரைக்கு மேலால் போவதும் வருவதுமாக இருந்தது. சில நாட்களில் ஒரு பக்கத்தில் படுத்து மற்றப் பக்கத்தில் எழும்பினோம். துவக்கோடு வருகிறவர் "நீங்கள் எங்கட பக்கம்தானே?" என்று கேட்டால் ஓம் என்போம். நாலு நாள் கழித்து மற்றத் துவக்கு வந்து அதையே கேட்டாலும் ஓம்தான். பிறகு பாலில்லாத ஒரு பிளேன்ரீ கொடுப்போம். பயத்தில் தொடங்கிய இந்தப் பழக்கம் போகப் போக மரியாதையாகிவிட்டது. வாசலுக்கு வந்த ஒருவருக்கு 'இல்லை' என்று சொல்வது எங்கள் ஊரில் இன்றைக்கும் முறையில்லாத காரியம். அப்படிச் சொன்ன சிலரும் இருந்தார்கள். அவர்களுடைய வளவுகளில் இப்போது நாயுண்ணிப் பற்றை வளர்கிறது.

சண்டை முடிந்து அகதி முகாமிலிருந்து திரும்பி வந்து, தகரக் கொட்டிலில் இருந்த காலத்தில் வடக்குக் கந்தோரிலிருந்து நிலம் அளக்கிறவர் வந்தார். நல்ல மனிதர். குடையை மடக்கிக்கொண்டு, "அண்ணை, எல்லை இந்த ஆறுதானே?" என்று கேட்டார். "ஓம், சேர்" என்றேன். எழுதினார், கையொப்பம் வைத்தேன், பிளேன்ரீ குடித்தார். அடுத்த போகத்துக்குள் தெற்குக் கந்தோரிலிருந்து இன்னொருவர் வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. கூட வந்த எழுதுவினைஞர் அம்மா கேட்டா: "எல்லை இந்த வண்டில் பாதை எண்டுதானே சொல்லுகினம்?" ஓம் என்றேன். அவாவுக்குச் சீனி குறைவாகப் போட்டுக் கொடுத்தேன். பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவே இல்லை. தேத்தண்ணி கொடுத்தது போலத்தான் அதையும் கொடுத்தேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னர் எங்கள் கிராம சேவகரான விதானையார் சைக்கிளில் வந்து ஒரு செய்தி சொன்னார். தெற்குக் கந்தோர் ஒரு பட்டியல் போட்டிருக்கிறதாம். வெளியிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து குடியேற்ற வெறுங்காணிகளின் பட்டியல். அதில் என் இரண்டு ஏக்கரும் இருந்தது. அன்றைக்கு அந்த வெறுங்காணியில் நெல் கதிர் வரப்போகிற குடலைப் பருவத்தில் நின்றது. வடக்குக் கந்தோரோ அந்தக் காணிக்கு எனக்குப் பெர்மிற், அதாவது உரிமைக் கடதாசி, எழுதி வைத்திருந்தது. எல்லை ஆறு என்று முடிவானால் அடுத்த நாளே கையில் தருவார்களாம். பாதை என்று முடிவானால் நான் என் வயலைவிட்டு எழும்பவேண்டும். இரண்டு கந்தோரும் சேர்ந்து நேரில் வந்து ஊராட்களை விசாரிக்கப் போவதாக நாள் குறித்தார்கள்.

அன்று காலையில் என் மனைவி தோய்த்து மடித்து வைத்த சேட்டை எடுத்துத் தந்தா.

"இஞ்சாருங்கோ. 'ஆறு' எண்டு சொல்லுங்கோ. ரெண்டு எழுத்து. அதையும் வாய்க்குள்ளை வைச்சுச் சப்பாதேங்கோ."

"ஓம்" என்றேன்.

"அந்த ஓமைத்தான் கொஞ்சம் அடக்கி வையுங்கோ" என்றா.

குளக்கட்டில் இரண்டு ஜீப் வந்து நின்றது. ஒன்றின் முன்பக்கத்தில் வரைபடத்தை விரித்து, காற்றுக்கு நாலு கல் வைத்தார்கள். ஊர் முழுக்கச் சுற்றி நின்றது. நான் எல்லோருக்கும் பின்னால்தான் நின்றேன். வடக்குக் காணி உத்தியோகத்தர் என் பெயரைக் கூப்பிட்டு ஒரு தாளைத் தூக்கிக் காட்டினார்.

"அண்ணை, இது உங்கட கையெழுத்துத்தானே?"

"ஓம், சேர்."

எழுதுவினைஞர் அம்மா இன்னொரு தாளைக் காட்டினா. "இதுவும் உங்கடதானே?"

"ஓம்."

"அதிலை எல்லை ஆறு எண்டு இருக்கு. இதிலை பாதை எண்டு இருக்கு."

"ஓம், அம்மா."

பக்கத்துக் காணிக்காரர் பெரிதாகச் சிரித்தார். "சேர், இவனுக்கு அஞ்சாம் வகுப்பு வரைக்கும் அந்த ஒரு சொல்லுத்தான் படிப்பிச்சவை."

"நீங்கள் சிரியாதேங்கோ" என்றார் உத்தியோகத்தர். "அடுத்த ரெண்டும் உங்கட."

பிறகு அவர் கடதாசிக் கட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். முப்பது வீடும் இரண்டு பக்கமும் கையொப்பம் வைத்திருந்தது. விதானையாரும் வைத்திருந்தார். பிள்ளையார் கோயில் பூசாரி இரண்டிலும் முத்திரை வேறு குத்தியிருந்தார். தெற்குக் கந்தோர் ஐயா சிங்களத்தில் ஏதோ சொன்னார். அதை அந்த அம்மா மொழிபெயர்க்கவில்லை. வடக்குக்காரர் மொழிபெயர்க்கத் தேவையில்லாமலே சொன்னார்: "ஊர் முழுக்கக் கள்ளச்சாட்சி."

எனக்கு எங்கிருந்து அந்தத் தைரியம் வந்தது என்று தெரியவில்லை. காது சுட்டது.

"சேர், எல்லை எங்கை எண்டு எங்களிட்டை ஆரும் கேக்கேல்லை. 'இதுதானே?' எண்டுதான் கேட்டவை."

அந்த அம்மா அதை மட்டும் சிங்களத்தில் ஒழுங்காகச் சொன்னா.

"சரி, இப்ப கேக்கிறன்" என்றார் வடக்குக்காரர். "எல்லை எங்கை?"

மனைவி குளத்து மதகடியில், துருசடியில் நின்றா. அவாவின் உதடு இரண்டு எழுத்தையும் சொல்லிக்காட்டியது. அதைச் சொல்லியிருந்தால் பெர்மிற் என் கையில். ஆனால் என் வாய் திறந்துவிட்டது. இத்தனை வருடம் மூடிக் கிடந்த வாய், திறந்தால் அளவு தெரியாது.

"இல்லை, சேர். எல்லை எண்டு இதிலை ஒண்டும் இல்லை. அப்பா வரேக்கை எல்லாம் ஒரே காடு. இந்தப் பாதை நாங்கள் முதிரை மரம் ஏத்தின வண்டில் போய்ப் போய் விழுந்தது. ஆறும் அந்த இடத்திலை இருக்கேல்லை. பெரிய வெள்ளம் ஒண்டுக்குப் பிறகுதான் இஞ்சாலை வந்தது. நீங்கள் ரெண்டு பேரும் அடிபடுகிறது எங்கட வண்டில் தடத்துக்கும் ஒரு வெள்ளத்துக்கும்."

பத்து மாதம் கழித்துக் கடிதம் வந்தது. ஊராட்களின் வாக்குமூலங்கள் எல்லாம் நம்பத்தகாதவை என்று நீக்கப்படுகின்றன. விஷயம் கொழும்புக்கு அனுப்பப்படுகிறது. முடிவு வரும்வரை எந்தக் கந்தோரும் அந்தக் காணியை யாருக்கும் வழங்கக்கூடாது. எனக்குப் பெர்மிற் இல்லை. தெற்குக் கந்தோரின் பட்டியலும் நின்றுபோனது. கொழும்பு முடிவெடுக்கும் வேகம் எங்களுக்குத் தெரியும். அதை நம்பி ஒரு தலைமுறை விதைக்கலாம்.

"ரெண்டு எழுத்துச் சொல்லச் சொன்னன். கதாப்பிரசங்கம் வைச்சிட்டியள்" என்றா மனைவி. அதற்குப் பிறகு மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை. அவாவில் பிழையில்லை. கையில் கடதாசி இருந்திருந்தால் மகளின் பெயருக்கு எழுதியிருக்கலாம். அதை நினைத்தால் எனக்கே என்னில் கோபம் வருகிறது.

இந்த முறை முதல் மழைக்குப் பிறகு விதைநெல்லை ஊறப்போட்டுவிட்டு இரண்டு பேரும் வயலுக்குப் போனோம். மனைவி தெற்கு மூலையில் நின்று ஆற்றுப் பக்கம் பற்றையைப் பார்த்தா.

"ஒருத்தருக்கும் குடுக்கேலாத காணி எண்டுதானே எழுதியிருக்கு?"

"ஓம்."

"அப்ப வரம்பை அங்காலை ரெண்டு பாகம், பன்ரண்டு அடி, தள்ளிக் கட்டுங்கோ. ஆர் வந்து என்னெண்டு கேக்கிறது?"

தள்ளிக் கட்டினேன். விதைத்து முடித்து, மண்வெட்டியைக் கழுவி வைத்துவிட்டு இதை எழுதினேன்.

ஐப்பசி மாதம், பதினெட்டாம் திகதி, செவ்வாய்க்கிழமை.