சந்துக்குள் நின்ற ஸ்போர்ட்ஸ் கார்

இரண்டு வயதில் வந்த போலியோவில் என் வலது கால் சூம்பிப்போனது. இடுப்புக்குக் கீழே காலைத் தாங்கிப் பிடிக்க இரும்புக் காலிப்பர், கையில் ஓர் ஊன்றுகோல். அவற்றோடுதான் பள்ளிக்கூடம் போனேன், டிராயிங் டிப்ளமா படித்தேன், செம்பூரில் ஒரு கம்பெனியில் வரைபடம் போடும் வேலையிலும் சேர்ந்தேன். மாட்டுங்காவிலிருந்து செம்பூர் ஒன்றும் தூரதேசம் இல்லை. ஆனால் காலை நேரத்துக் கூட்டத்தில் ரயில் ஏறி, குர்லாவில் இறங்கி, பாலத்தைக் கடந்து அடுத்த ரயிலைப் பிடிப்பதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விடும். யாராவது ஊன்றுகோலை வாங்கிக்கொள்வார்கள். யாராவது இடுப்பைப் பிடித்து உள்ளே தூக்கிவிடுவார்கள். எல்லாரும் நல்லவர்கள்தான். ஆனாலும் யாருக்காவது நன்றி சொல்லாமல் நான் ஆபீஸ் போய்ச் சேர்ந்த நாளே கிடையாது.

எண்பதுகளில் என்னைப் போன்றவர்களுக்கு என்று கிடைத்தது மூன்று சக்கர வண்டி. அதைப் பார்த்தாலே எனக்கு ஆஸ்பத்திரி வராந்தாதான் ஞாபகம் வரும். எப்படியும் தெருவில் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்க்கத்தான் செய்கிறார்கள். இனிமேல் என் வண்டியைப் பார்க்கட்டுமே என்று தோன்றியது. கிங்ஸ் சர்க்கிள் நடைபாதையில் வாங்கிய ஒரு பழைய இங்கிலீஷ் பத்திரிகையில் அந்த வண்டி இருந்தது. மேலே கூரை இல்லாத, இரண்டே பேர் உட்காரக்கூடிய பழங்காலத்து ஸ்போர்ட்ஸ் கார். நீண்ட மூக்கு, தவளைக் கண் மாதிரி இரண்டு விளக்குகள், கரும்பச்சை நிறம். கதவில் சாய்ந்துகொண்டு ஒரு வெள்ளைக்காரப் பெண் சிரித்தாள்.

தாராவியில் ஒரு பட்டறையில் அந்த மாதிரி கார்களை அச்சு அசலாகச் செய்து தருவதாக ஆபீஸில் ஒருவர் சொன்னார். சினிமா ஷூட்டிங்குக்கும் பணக்காரர் வீட்டுக் கல்யாண ஊர்வலத்துக்கும் அங்கிருந்துதான் போகுமாம். பட்டறைக்காரர் திருநெல்வேலிப் பக்கத்து முஸ்லிம். எல்லாரும் அவரை பாய் என்றார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். பழைய டாக்ஸி ஒன்றின் எஞ்சினையும் அடிப்பாகத்தையும் வைத்துக்கொண்டு, மேலே ஃபைபரில் உடம்பு கட்டுவது அவர் முறை. பத்திரிகைப் படத்தை அவரிடம் கொடுத்தேன். கூடவே நான் வரைந்த படங்களையும் கொடுத்தேன். கிளட்சுக்கு என் இடது கால் போதும். பிரேக்குக்கும் ஆக்சிலரேட்டருக்கும் ஸ்டீயரிங் பக்கத்தில் ஒரே கம்பி: முன்னால் தள்ளினால் பிரேக், கீழே அழுத்தினால் வேகம். ஏறி இறங்கப் பிடித்துக்கொள்ளக் கதவோரம் ஒரு கைப்பிடி.

கம்பியை அவர் உடனே ஒத்துக்கொண்டார். கைப்பிடிதான் அவருக்கு உறுத்தியது.

"படத்துல இது இல்லயேம்மா. வண்டியோட அழகே போயிருமே."

"படத்துல இருக்கற பொண்ணுக்கு ரெண்டு காலும் நன்னா இருக்கு பாய்."

அவர் ஒரு நிமிஷம் படத்தையே பார்த்தார். அப்புறம் வாய்விட்டுச் சிரித்தார். "சரிம்மா, போட்டுருதேன். ஆனா பாத்தா அந்தக் காலத்துலயே போட்ட மாதிரி இருக்கணும். அது என் பொறுப்பு."

வண்டி தயாராகிக்கொண்டிருந்தபோதே, அதே மாதிரி கம்பி பொருத்திய அவருடைய பழைய கார் ஒன்றில் ஓட்டிப் பழகி லைசென்சும் வாங்கிவிட்டேன். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லி ஆள் அனுப்பினார். அம்மாவையும் அழைத்துக்கொண்டு டாக்ஸியில் போனேன். தீபாவளி முடிந்து, காற்றில் கொஞ்சம் குளிர்ச்சி வந்திருந்த சமயம்.

பட்டறைக் கதவைத் திறந்தார்கள். படத்திலிருந்த வண்டி அப்படியே எழுந்து வந்து நின்றது. பித்தளையில் கைப்பிடி, பளபளவென்று, அது இல்லாமல் அந்தக் கதவே இருக்க முடியாது என்பது போல. சீட்டைத் தைத்தது பாயின் மனைவி. காலிப்பரின் மேல்வளையம் குத்துகிற இடத்தில் மட்டும் தனியாக ஒரு மெத்தை வைத்திருந்தார். நான் அதைக் கேட்டிருக்கவில்லை. என்னைப் பார்த்தே தெரிந்துகொண்டிருக்கிறார்.

அம்மா வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். "ஏண்டி, இதுக்குக் கூரையே இல்லையே?"

"மழைக்குத் துணி மூடி இருக்கும்மா."

"ரெண்டு பேர்தான் ஒக்காரலாமா? சரி, நாம ரெண்டு பேர்தானே இருக்கோம்."

வண்டியை வெளியே தள்ளினார்கள். சந்தில் பத்தடி போனதும் நின்றுவிட்டது. எதிர்ப்பக்கத்து வீட்டு வாசலில் புதிதாக ஒரு சிமெண்டுப் படி, முழங்கால் உயரத்துக்கு, சந்துக்குள் நீட்டிக்கொண்டிருந்தது. வண்டியின் சக்கர மூடி அதில் இடித்தது. இந்தப் பக்கம் சுவர். ஒரு சாண் இடம்கூட மிச்சமில்லை.

பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். "அளந்துதாம்மா கட்டினேன். இந்தப் படி பொறவு வந்தது. உள்ளயே கெடந்தேனா, கவனிக்காமப் போயிட்டேன்."

அந்த வீட்டிலிருந்து ஒரு பெண் வெளியே வந்தாள். என் வயதுதான் இருக்கும். எங்கோ வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள் போல. சேலையை இழுத்துச் செருகியிருந்தாள், கையில் ஒரு துணிப்பை.

"தங்கச்சி, இந்தப் படியைக் கொஞ்சம் உடைக்கணும். நானே திரும்பக் கட்டித் தந்துருதேன்" என்றார் பாய்.

"என்ன பாய் பேசுதீக? மழைத்தண்ணி பூராவும் வீட்டுக்குள்ள வருதுன்னு போன மாசந்தான் கட்டினோம். ஒங்க பணக்காரப் பார்ட்டிக்காக நான் வாசலை இடிக்கணுமா?"

"பணக்காரப் பார்ட்டி இல்ல. இந்தா நிக்காகளே, இவுக வண்டி."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரியும். முகம் இளகும், 'ஐயோ பாவம்' என்று ஒரு சத்தம் வரும், படி உடையும். அப்படி வருகிற வண்டி எனக்கு வேண்டாம் என்று நிஜமாகவே நினைத்தேன். "பாய், விடுங்கோ. வேற வழி பார்க்கலாம்" என்று சொல்ல வாயெடுத்தேன்.

அந்தப் பெண் என் காலைப் பார்த்தாள், ஊன்றுகோலைப் பார்த்தாள், வண்டியைப் பார்த்தாள்.

"நீங்களா ஓட்டப் போறீக?"

"ஆமாம்."

"நெசமாவா? லைசென்ஸ் இருக்கா?"

"இருக்கு."

"அப்ப ஒண்ணு செய்யுங்க. என்னைய இதுல வச்சு மாட்டுங்காவுல நான் வேலை பாக்குற பில்டிங்ல கொண்டுபோய் விடுங்க. ஏற்கெனவே லேட்டு. சரின்னா படியை உடைச்சுக்கிடுங்க."

அவள் முகத்தில் இரக்கம் மருந்துக்கும் இல்லை. பேரம்தான் இருந்தது. எனக்குச் சிரிப்பு பொங்கி வந்தது. "சரி" என்றேன்.

"அப்போ நான்?" என்றாள் அம்மா.

"நீ டாக்ஸியில ஆத்துக்குப் போம்மா. நான் வந்துடறேன்."

அம்மாவின் முகத்தை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. ஆனாலும் டாக்ஸி பிடிக்கக் கிளம்பிவிட்டாள். சம்மட்டி வந்தது. முதல் அடியை அந்தப் பெண்ணே போட்டாள். "நான் கட்டின படி, நானே உடைக்கேன்" என்றாள். சந்தே கூடிவிட்டது. ஒருவர் சிமெண்டுத் துண்டுகளை அள்ளிப் போட்டார், இன்னொருவர் தண்ணீர் டிரம்மை நகர்த்தினார். வண்டி அங்குலம் அங்குலமாக நகர்ந்து மெயின் ரோட்டுக்கு வந்தபோது எல்லாரும் கை தட்டினார்கள். பாய் முதலில் தானே ஓட்டிப் போய் பிரேக்கைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். இறங்கி, சாவியைக் கையில் தராமல் எனக்காகக் கதவைத் திறந்து பிடித்தார்.

"சாவி வண்டியிலயே இருக்கும்மா. பிஸ்மில்லா சொல்லி எறக்கிட்டேன். நீங்க ஒங்க சாமியைக் கும்பிட்டு எடுங்க."

கைப்பிடியைப் பிடித்தேன். யாரும் தொடாமல், யாரும் தூக்காமல், என் வண்டிக்குள் நானே உட்கார்ந்தேன்.

சயன் பக்கம் வரும்வரை அந்தப் பெண் இரண்டு கையாலும் முன்னாலிருந்த பலகையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். சிக்னலில் பக்கத்து டாக்ஸிக்காரர், "க்யா காடி ஹை!" என்று வண்டியை மெச்சிக் கத்தியதும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அதன் பிறகு தலைமுடி பறக்கப் பறக்க ரோட்டில் போன ஒவ்வொருவரையும் பார்த்துச் சிரித்தாள்.

"மெதுவாப் போங்க. பில்டிங் சீக்கிரம் வந்துறப் போவுது."

அவளுக்காக கிங்ஸ் சர்க்கிள் தோட்டத்தை இரண்டு முறை சுற்றினேன். அவள் காட்டிய கட்டடத்தின் முன்னால் நிறுத்தியபோது வாட்ச்மேன் எழுந்து ஓடி வந்து சலாம் போட்டான். யார் என்று பார்த்ததும் கை பாதியிலேயே நின்றுவிட்டது. அவள் இறங்கினாள், பையை எடுத்துக்கொண்டாள்.

"மூணாவது மாடில பாத்திரம் குவிஞ்சு கெடக்கும். வாரேன்க்கா."

"ரொம்ப தேங்க்ஸ்" என்றேன்.

"எனக்கு எதுக்கு? நான்லா ஒங்களுக்குச் சொல்லணும்!" என்று சொல்லிவிட்டுப் படியேறிப் போனாள்.

அங்கேயே கொஞ்ச நேரம் எஞ்சினை அணைக்காமல் உட்கார்ந்திருந்தேன். நினைவு தெரிந்த நாளிலிருந்து என்னைத்தான் எல்லாரும் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். நான் ஒருவரை ஏற்றிக்கொண்டு வந்தது அதுதான் முதல் தடவை. எனக்கு அதைக் கொடுத்தவள் அதைக் கொடுத்தது தெரியாமலே மாடிக்குப் போய்விட்டாள். அடுத்த மழைக்கு முன்னால் பாய் அவள் வாசலில் நல்ல உயரமாக, ஆனால் சந்துக்குள் நீட்டாமல், புதுப் படி கட்டிக்கொடுத்தார். மழையில் ஒரு சொட்டுக்கூட உள்ளே வரவில்லை என்று அவளே எனக்குச் சொன்னாள்.

அன்றைக்கு அங்கிருந்து நேராக வந்து வீட்டு வாசலில் ஹாரன் அடித்தேன். அம்மா ஏற்கெனவே கீழே நின்றுகொண்டிருந்தாள். புடவை மாற்றி, தலையில் ஒரு ஸ்கார்ஃப் கட்டியிருந்தாள். அதை எங்கிருந்து தேடி எடுத்தாளோ! முனகிக்கொண்டே குனிந்து உள்ளே உட்கார்ந்தாள்.

"எங்கேம்மா போலாம்? கோயிலுக்கா?"

"கோயிலுக்கு அப்புறம் போலாம். உன் ஆபீஸுக்குப் போ. எங்கே இருக்குன்னு நான் பார்த்ததே இல்லையே."

செம்பூர் வரை போனோம். வழியில் லாரிகள், மேம்பாலம், எண்ணெய் ரிஃபைனரி வாடை. ஆபீஸ் கேட் பூட்டியிருந்தது. கேட்டுக்கு வெளியே வண்டியை நிறுத்தினேன். அம்மா அந்த மூடிய கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவ்வளவு தூரமா தினம் தனியா வந்துண்டிருந்தே?" என்றாள்.

நான் ஆமாம் என்று தலையாட்டினேன். அவள் கையை நீட்டி, பிரேக் கம்பியின் மேலிருந்த என் கையைப் பிடித்துக்கொண்டாள்.