இனிக்கப் பழகிய வலி

உடம்பு நோக ஒரு வேலை செய்யாமலே அண்ணாதுரை நாற்பது வயதைத் தாண்டிவிட்டான். அவனை அப்படித்தான் வளர்த்திருந்தார்கள். அப்பா ரெத்தினமும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நாற்றுப் பறித்து, வரப்பு வெட்டி, கதிர்க்கட்டு சுமந்து, மகனை மட்டும் சேற்றில் இறங்கவிடாமல் படிக்க வைத்தவர்கள். "நாங்க நொந்தது போதும், நீ நிழல்ல உக்காந்து சாப்புடு" என்பார் ரெத்தினம். அவர் நினைத்தது நடந்தது. திருத்துறைப்பூண்டியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் அண்ணாதுரைக்கு வேலை. ஏசி அறை, சுழலும் நாற்காலி. ஊரார் ரத்தத்தையெல்லாம் பார்த்தவன் ஒருநாள் தன் ரத்தத்தையும் எடுத்துப் பார்த்தான். சர்க்கரை ஏறிக் கிடந்தது.

அவனை சைக்கிளில் ஏற்றியது தங்கை சுடர்விழியின் புருஷன் இனியவன். மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருந்தான். கல்லூரியில் படிக்கும்போது சைக்கிள் பந்தயங்களுக்குப் போனவன். ஒல்லியான தேகம், ஓயாத பேச்சு.

"மாத்திரைய முழுங்கிட்டு உக்காந்திருந்தா ஆகாது மச்சான். நாளைக்குக் காலைல ரெடியா இருங்க" என்றான்.

முதல் சில வாரங்கள் அண்ணாதுரைக்கு நரகமாக இருந்தன. டெல்டாவில் மலை கிடையாது. ஏற்றம் வேண்டுமென்றால் ஆற்றுப்பாலம், அதை விட்டால் காற்று. பாலத்தின் பாதியிலேயே தொடை எரியும், நெஞ்சு அடைக்கும். அவன் இறங்கித் தள்ள ஆரம்பித்துவிடுவான். வலி என்றால் நிறுத்து என்பதுதான் அவனுக்குத் தெரிந்த ஒரே பாடம். வலிக்காமல் இருக்கத்தானே அவனைப் படிக்க வைத்தார்கள்.

இனியவன் சிரிக்க மாட்டான். கூடவே இறங்கித் தள்ளிக்கொண்டு வருவான்.

"வலி வந்ததும் பயந்துடுறீங்க. பயப்படாம அதப் பாருங்க. தொடைல எரியுதா, எரியட்டும். மூஞ்ச இறுக்காதீங்க, கையத் தளர விடுங்க. அந்தக் கிலோமீட்டர் கல்லு வரைக்கும் முழு மூச்சா மிதிங்க. அப்பறம் சும்மா உருட்டிக்கிட்டே வரலாம்."

ஆடி மாதத்தில் ஒரு காலை. மன்னார்குடிச் சாலையில் மேல்காற்று முகத்தில் அறைந்தது. அண்ணாதுரை ஒரு கிலோமீட்டர் கல்லிலிருந்து அடுத்த கல்லை நோக்கி மிதித்தான். தொடையில் எரிச்சல் கிளம்பியது, ஏறியது, ஓரிடத்தில் நின்றுவிட்டது. அதற்கு மேல் போகவில்லை. அதன் உள்ளே உட்கார்ந்துகொள்ள முடியும் என்று அன்றுதான் தெரிந்தது. வேலை, சர்க்கரை, வீட்டுச் சச்சரவு எல்லாம் எங்கோ உதிர்ந்துபோய், சங்கிலியின் சத்தமும் தன் மூச்சும் மட்டும் மிஞ்சின. அடுத்த கல் வந்ததையே அவன் கவனிக்கவில்லை. தாண்டிப் போய்க்கொண்டிருந்தான். நின்றபோது கால் வெடவெடத்தது, வாயில் துருப்பிடித்த இரும்பைப் போல ஒரு ருசி. சிரித்துக்கொண்டிருந்தான்.

வீட்டுக்கு வந்ததும் அதை அப்பாவிடம் சொன்னான். ரெத்தினம் மகனின் கால்களைப் பார்த்தார்.

"வலிக்கிறது நல்லா இருக்குங்கிறியா?"

"ஆமாப்பா. எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

"எங்களுக்கு ஒரு நாளும் அப்படி இருந்ததில்ல தம்பி" என்றுவிட்டு அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார்.

அண்ணாதுரைக்கு அது உறைத்தது. ஆனாலும் விட முடியவில்லை. இந்த வலியை யாரும் கூலி கொடுத்து அவனிடம் வாங்கவில்லை. அவனாகத் தேடிப்போய் எடுத்துக்கொண்டது. பிறந்ததிலிருந்து அவனுக்கென்று சொந்தமாக வாய்த்த முதல் பொருளைப் போல அதைப் பொத்தி வைத்துக்கொண்டான். சர்க்கரை இறங்கியது, தொந்தி கரைந்தது. அதெல்லாம் இப்போது அவனுக்கு இரண்டாம் பட்சம். விடிந்தால் அந்த எரிச்சல் வேண்டும்.

ஒரு வருஷத்தில் அவன் இனியவனைத் தாண்டிவிட்டான். இனியவனுக்கு அதில் வருத்தம் இல்லை. உண்மையில் அவனுக்கு மிதிப்பதைவிட, மிதித்துவிட்டு ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பேசுவதுதான் பிடிக்கும். யார் வீட்டு மோட்டார் எரிந்தது, எந்த வாய்க்காலில் தண்ணீர் வந்தது, சுடர்விழி என்ன சொல்லித் திட்டினாள் என்று ஏதாவது. முதலில் அண்ணாதுரை முன்னால் போய் டீக்கடையில் காத்திருந்தான். பிறகு காத்திருக்கும் நேரம் கால் சூடு ஆறிப்போகிறது என்று தோன்றியது. டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவான். இனியவன் வரும்போது காலி பெஞ்ச்தான் இருக்கும்.

சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் கோடியக்கரைக்குப் புறப்பட்டார்கள். கிளம்பவே தாமதமாகிவிட்டது. வேதாரண்யம் நெருங்க நெருங்கக் கடல்காற்று எதிர்த்து வந்தது.

"பின்னாடி ஒட்டிக்கிங்க மச்சான், காத்த நான் வாங்கிக்கிறேன்" என்று இனியவன் முன்னால் போனான். வேதாரண்யம் வரை அவன்தான் காற்றை உடைத்துக்கொண்டு போனான். அவன் முதுகின் மறைவில் அண்ணாதுரை சுகமாக வந்தான். ஊரைத் தாண்டியதும் ஒரு புளியமரத்தடியில் நின்றார்கள். அண்ணாதுரையின் பாட்டில் காலியாகியிருந்தது. இனியவன் தன்னுடையதிலிருந்து பாதியை அதில் ஊற்றினான். பம்பும் மாற்று டியூபும் அன்று அண்ணாதுரையின் பையில் இருந்தன.

மறுபடி ஏறினார்கள். உப்பளங்கள் தொடங்கின. நிழலுக்கு ஒரு செடிகூடக் கிடையாது. வெள்ளைப் பாத்திகளில் பட்ட வெயில் கீழேயிருந்தும் அடித்தது. அண்ணாதுரையின் கால்களில் களைப்பே இல்லை, எதிரே காற்று சுவர் கட்டியதைப் போல நின்றது. இதைவிட நல்ல வலி கிடைக்காது என்று தோன்றியது. இனியவனை ஒதுங்கித் தாண்டி முழு மூச்சாக மிதித்தான். பின்னால் ஏதோ குரல் கேட்டது. திரும்பவில்லை.

எரிச்சல் வழக்கமான இடத்தைத் தாண்டி ஏறியது. அவன் இதுவரை போகாத உயரம். அந்த நேரத்தில் கைப்பிடியில் மாட்டியிருந்த போன் அடித்தது. திரையில் இனியவன் பெயர். அண்ணாதுரை பார்த்தான். எடுத்தால் நிற்க வேண்டும், நின்றால் இது போய்விடும். கட்டை விரலால் தள்ளி அழைப்பைத் துண்டித்தான். மீண்டும் அடித்தது. மீண்டும் துண்டித்தான். அதன்பின் அது அடிக்கவில்லை.

கோடியக்கரையில் கடலைப் பார்த்துச் சைக்கிளைச் சாய்த்துவிட்டு மணலில் மல்லாந்து கிடந்தான். வாழ்நாளில் அத்தனை நிறைவாக இருந்ததில்லை. நெடுநேரம் கழித்துத்தான் இனியவன் இன்னும் வரவில்லை என்று உறைத்தது. போன் போட்டான். வேறு யாரோ எடுத்தார்கள்.

நடந்தது இதுதான். இனியவனின் பின் டயரில் முள் ஏறியிருந்தது. பம்புக்காகத்தான் கூப்பிட்டான். மச்சான் திரும்பி வருவார் என்று கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான். பிறகு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தான். மிச்சமிருந்த தண்ணீரும் தீர்ந்தது. உப்பு வாரிக்கொண்டிருந்தவர்கள் பார்த்தபோது பாத்தி ஓரத்தில் வெயில் தாக்கிக் குழறிப் பேசிக்கொண்டு கிடந்தானாம், உடம்பில் வியர்வையே இல்லாமல். உப்பு ஏற்ற வந்த வண்டியில் தூக்கிப்போட்டு வேதாரண்யத்துக்குக் கொண்டுபோயிருந்தார்கள்.

மாலையில் சுடர்விழி ஆஸ்பத்திரிக்கு வந்தாள். அழவில்லை. புருஷனின் கையைப் பிடித்துக்கொண்டே அண்ணனைப் பார்த்தாள்.

"போன் பண்ணாராமே, உங்களுக்கு அடிக்கலையாண்ணே?"

அண்ணாதுரை போனைப் பைக்குள் தள்ளினான். "காத்துல சத்தம் கேக்கலம்மா."

கட்டிலில் கிடந்த இனியவன் கண்ணைத் திறந்தான். "ஆமா, காத்து ஜாஸ்தி" என்றான்.

துண்டித்த போனுக்கும் கேட்காத போனுக்கும் வித்தியாசம் கூப்பிட்டவனுக்குத் தெரியும். துண்டித்தால் பாதி மணியிலேயே அறுந்துபோகும். அதை அறிந்தே அவன் சொன்னான் என்பது அண்ணாதுரைக்குப் புரிந்தது. அங்கே நிற்க முடியாமல் தண்ணீர் வாங்கப் போவதுபோல வெளியே போனான்.

இனியவன் பிழைத்துக்கொண்டான். ஆனால் பழையபடி ஆகவில்லை. கொஞ்ச நேரம் வெயிலில் நின்றால் தலை சுற்றும். வயலுக்குப் போய் மோட்டாரைக் கழற்றி எடுத்து வரும் வேலைக்கு ஆள் வைத்துக்கொண்டான். சிறுநீரகத்தைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றார் டாக்டர். அந்தப் பரிசோதனைக்கான ரத்தத்தை அண்ணாதுரைதான் எடுக்கிறான். ஊசி குத்தும்போது இனியவன் பட்டறைக் கதை எதையாவது சொல்லிக்கொண்டிருப்பான். சைக்கிளைப் பற்றி மட்டும் பேச மாட்டான்.

மழைக்காலம் முடிந்து ஒரு நாள், சொல்லியே தீர வேண்டும் என்று அண்ணாதுரை பட்டறைக்குப் போனான். இனியவன் ஒரு மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தான்.

"மாப்ள, அன்னைக்கு நான் போன எடுக்காம..."

"தெரியும் மச்சான்."

கம்பி சுற்றும் கை நிற்கவில்லை. அவனாகவே கேட்டான்.

"அந்த நேரத்துல எப்படி இருந்துச்சு? நல்லா இருந்துச்சா?"

கோபம் இல்லை அந்தக் குரலில். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். அதனால் அண்ணாதுரையால் பொய் சொல்ல முடியவில்லை.

"நல்லாத்தான் இருந்துச்சு மாப்ள."

இனியவன் தலையை ஆட்டினான். சுற்றி முடித்த கம்பியை வெட்டினான். அன்று திட்டியிருந்தால்கூடத் தேவலாம் என்று அண்ணாதுரை இன்றும் நினைக்கிறான்.

சுடர்விழியிடம் அவன் இதுவரை சொல்லவில்லை. பொங்கலுக்குப் போனால் இலை விரித்துச் சோறு போடுகிறாள், சாப்பாட்டில் குறை வைப்பதில்லை. முன்பு போல அருகில் உட்கார்ந்து பேசுவதில்லை என்பதை மட்டும் கவனித்திருக்கிறான். அவளுக்கும் தெரிந்திருக்குமோ என்று கேட்கத் துணிவில்லை.

சைக்கிளை விட்டுவிடுவது என்று பல தடவை முடிவு செய்தான். சர்க்கரையைக் காரணம் காட்டி மறுபடி எடுத்தான். இப்போதும் விடியற்காலையில் மன்னார்குடிச் சாலையில் தனியாகப் போகிறான். போனை வீட்டில் வைத்துவிட்டுப் போன காலம் உண்டு. இப்போது பையில் வைத்துக்கொள்கிறான், அடித்தால் நின்று எடுக்கிறான். பெரும்பாலும் அது ஆய்வகத்திலிருந்து வரும் அழைப்பாகத்தான் இருக்கும்.

அந்தச் சுகம் செத்துப்போயிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். சாகவில்லை. காற்று எதிர்க்கும்போது தொடையில் அதே எரிச்சல் கிளம்புகிறது, ஏறுகிறது, அதே இடத்துக்கு வந்து இனிக்கிறது. இனித்தவுடன் அவன் மிதிப்பதை நிறுத்திவிடுகிறான். சைக்கிள் தானாக உருண்டு மெதுவாகிறது. வாய்க்கால் ஓரமாகக் காலை ஊன்றி நின்று, பின்னால் கிடக்கும் வெறும் சாலையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மெல்ல மிதித்து வேலைக்குத் திரும்புகிறான்.