அட்டையில் சேராத பெயர்

எழுபதுகளின் தொடக்கம். மயிலாப்பூரில் குளத்துக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில் குடியிருந்தோம். நான் தி.நகரில் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா. சொந்தமாக ஒரு சித்திரக்கதைப் புத்தகம் போட்டுவிட வேண்டும் என்று எனக்கு வெறி. பட்டினப்பாக்கத்து மீனவப் பெண் ஒருத்தி கடத்தல்காரர்களைப் பிடிக்கிற கதை. எழுதியது நான், படங்கள் என் தங்கை வரைந்தவை. கட்டுமரத்தின் கயிற்று முடிச்சு சரியாக வர வேண்டும் என்று நாலு நாள் சாயங்காலம் கடற்கரைக்கு நடந்தாள். முப்பத்திரண்டு பக்கம். ஒவ்வொன்றின் அடியிலும் சின்னதாகக் கையெழுத்துப் போட்டிருந்தாள்.

அச்சடிக்கத்தான் வழியில்லை. ஆஃப்செட் அச்சகத்தில் விலையைக் கேட்டதும் இருவரும் வந்த வழியே படியிறங்கினோம். சைக்ளோஸ்டைல் செய்து பார்த்தோம்; கோடு கீறும்போதே ஸ்டென்சில் மெழுகுத்தாள் கிழிந்தது. கடைசியில் சிந்தாதிரிப்பேட்டையில் ஒரு சின்ன அச்சகம் அகப்பட்டது. படங்களை உலோகத் தகட்டில் செதுக்கி பிளாக் செய்ய வேண்டும், அதற்குச் சதுர அங்குலக் கணக்கில் கூலி. அட்டையில் வரும் பெயர்களை ஈய எழுத்துகளால் கையாலேயே கோத்துவிடலாம், அதற்குத் தனிச் செலவில்லை என்று அச்சகக்காரர் எங்கள் இருவருக்கும் பொறுமையாக விளக்கினார்.

படங்களைக் கொடுக்க நான் மட்டும் போனேன்.

“இன்னா சார், பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து கீது? அந்த அடித்துண்ட வுட்டுட்டா பிளாக் செலவு கொறையும்” என்றார் அவர். சரி என்றேன். அதையாவது பணப் பற்றாக்குறை என்று சொல்லிக்கொள்ளலாம். பிறகு அட்டைக்கு எழுத்துக் கோக்கும்போது, “படம் போட்டது யாருன்னு சேக்கணுமா?” என்று கேட்டார். என் பெயர் மட்டும் தனியாக நின்றிருந்தது. பார்க்க நன்றாக இருந்தது.

“வேண்டாம்” என்றேன்.

புத்தகம் வந்ததும் தங்கை ஒவ்வொரு பக்கத்தின் அடியையும் பார்த்துக்கொண்டே போனாள்.

“என் கையெழுத்து எங்கண்ணா?”

“பிளாக் செலவு.”

“அட்டையில வெறும் எழுத்துதானே? அதுக்குமா பிளாக்?”

“பிரஸ்காரர் மறந்துட்டார்” என்றேன்.

இன்னும் அச்சாகாத மீதி அட்டைகளிலாவது பெயரைச் சேர்க்கச் சொல்லலாம் என்று மறுநாள் அவள் தனியாக பஸ் ஏறி அச்சகத்துக்குப் போனாள். திரும்பி வந்து அம்மாவிடம்கூட எதுவும் சொல்லவில்லை. ராத்திரி என் தட்டில் சோற்றைப் போட்டபடி, “உங்க அண்ணன்தாம்மா வேணான்னாரு” என்று அச்சகக்காரர் சொன்னதை அப்படியே சொன்னாள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

புத்தகம் விற்றது. பாண்டி பஜார் கடைக்காரர் ஒருவர் அடுத்தது எப்போது என்று கேட்டார். அசடு வழியத் தங்கையிடம் போய் நின்றேன்.

“நீயே வரைஞ்சுக்கோ. உன் பேர்தானே இருக்கு.”

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவள் வரைந்து நான் பார்த்ததில்லை. கல்யாணமாகி பெசன்ட் நகர் போனாள். பல வருஷம் கழித்து அங்கே போயிருந்தபோது, பள்ளிக்கூட நோட்டில் ஒரு தவளை வரைந்து தரச் சொல்லி அவள் மகள் கெஞ்சிக்கொண்டிருந்தாள். “எனக்கு அதெல்லாம் வராதுடி” என்றாள் தங்கை, இயல்பாக, என் எதிரிலேயே. பொய் என்று தெரிந்த ஒரே ஆள் நான்தான். காபியைக் குடித்து முடித்தேன்.

அவள் அன்றைக்கு என்னைத் திட்டித் தீர்த்திருந்தால் நானும் எப்போதோ மறந்திருப்பேன். நான் சொன்ன அந்த ஒரு ‘வேண்டாம்’ அவள் கையையே கட்டிப்போட்டது என்ற கசப்பு மட்டும் இத்தனை வயதிலும் இறங்கவில்லை.