ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் ஒரு புத்தகம்

எங்கள் கட்டுமான அலுவலகத்தில் அவரை எல்லோரும் ஸ்கேல் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கைப்பையிலிருந்து ஒரு ஸ்கேல் எப்போதும் தலை நீட்டிக்கொண்டிருக்கும். தூண், உத்தரம், அஸ்திவாரம் எல்லாம் அவர் கணக்குதான். ஆனால் பொறியாளர் உரிமம் இல்லாததால் வரைபடத்தில் கையெழுத்து மட்டும் தலைமைப் பொறியாளருடையது. வரைபடங்களைப் பதிந்து அடுக்கும் வேலை என்னுடையது. ஒவ்வொன்றிலும் அவர் கையெழுத்தைத்தான் பார்த்திருக்கிறேன்.

தலைமைப் பொறியாளர் ஓய்வு பெறும் ஆண்டு வந்தது. "உரிமத் தேர்வுல தேறினா அந்த நாற்காலி உனக்கு. இல்லேன்னா வெளியாள்தான்" என்று முதலாளி சொல்லிவிட்டார்.

பயிற்சி வகுப்பில் கட்டணம் விசாரித்துவிட்டு வந்த அக்கா, "அவன் கேக்கற காசுக்கு நானே ஒரு மாடி கட்டிடுவேன்" என்றார். ஏற்கெனவே தேறியவர்களை விடாமல் நச்சரித்துப் பழைய வினாத்தாள்களை வாங்கினார். மதிய இடைவேளை முழுவதும் பொது நூலகத்தில் கழிந்தது. வீட்டில் சமையலறை மேடைதான் மேசை. "விடை தப்பா வந்தா எந்தத் தட்டு பறக்குமோன்னு பயந்துக்கிட்டே கழுவறேன்" என்று அவர் கணவர் சிரிப்பார். பிடிவாதம் அக்காவுக்குக் கொஞ்சம் கூடுதல்தான்.

விதிமுறைக் கையேட்டைப் பார்த்து எழுதும் தேர்வு அது. புதிய கையேடு விலைக்கு எட்டவில்லை. பழைய புத்தகக் கடையில் நடப்புப் பதிப்பாகவே ஒன்று கிடைத்தது. அதே தேர்வு எழுதவிருந்த, நாங்கள் நெட்டை என்று கூப்பிடும் எங்கள் சர்வேயரும் பாதிப் பணம் போட்டான். படிக்க வசதியாக நடுவில் அறுத்து, ஆளுக்குப் பாதியாக மாற்றி மாற்றி வைத்துக்கொண்டார்கள்.

தேர்வுக்கு முந்தின வெள்ளிக்கிழமை, நுழைவுச்சீட்டோடு நெட்டை ஓடிவந்தான்.

"அக்கா! பைண்டு பண்ணின முழுப் புத்தகம்தான் உள்ள விடுவாங்களாம். நம்மளுது ரெண்டு துண்டு!"

"தைச்சுடலாம்."

"தைச்சா ஒண்ணாயிடும். நாம ரெண்டு பேராச்சே?"

கோப்பு தைக்கும் ஊசியை என்னிடம் வாங்கி, அக்காவே உட்கார்ந்து தைத்தார். முடித்ததும் புத்தகத்தை நெட்டை பக்கம் தள்ளினார்.

"நீ வச்சுக்கோ. எனக்குப் பழகினது இன்னொண்ணு இருக்கு."

அது நூலகத்தின் பிரதி. வெளியே தராத புத்தகம். மறுநாள் மாலை, பூட்டும் நேரத்தில் அக்கா அந்தப் புத்தகத்தோடு நூலகர் அம்மாவிடம் போய் நின்றார்.

"இது வெளிய போகாதுன்னு உனக்குத் தெரியாதாம்மா?"

"தெரியும்மா. ஆனா நாளைக்கு லைப்ரரி லீவு. நீங்க இப்ப பூட்டினா திங்கக்கிழமை வரைக்கும் இதை யாரு கேக்கப்போறாங்க? பரீட்சை நாளைக்குத்தான்."

கிழிந்த பக்கங்களை ஒட்டி, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போகும் இந்தப் பெண்ணை நூலகர் மாதக்கணக்கில் பார்த்தவர்.

"நல்லா சட்டம் பேசற. திங்கக்கிழமை நான் கதவைத் திறக்கும்போது நீ வாசல்ல நிக்கணும்."

"உங்களுக்கு முன்னாடி நிப்பேன்."

அப்படியே நின்றார். தேர்விலும் தேறினார். நெட்டை அடுத்த முறை, அதே தைத்த புத்தகத்தோடு தேறினான்.

அக்கா கையெழுத்திட்ட முதல் வரைபடம், ஒரு மாடிப்படியினுடையது, என் மேசைக்கு வந்தபோது நெட்டையும் எட்டிப் பார்த்தான். கையெழுத்தின் கீழ் நேராக ஒரு கோடு.

"கையெழுத்துக்குமா ஸ்கேலு?"

"கோணிச்சுன்னா முதல்ல நீதானே சிரிப்பே" என்றார் அக்கா. நான் அதைப் பதிந்து அடுக்கினேன்.