வெள்ளைப் பையும் ஆரஞ்சுப் பையும்

எனக்குப் பதினொரு வயதிருக்கும்போது பள்ளிக்கூடத்தில் எங்களைப் பனிச்சறுக்குக்குக் கூட்டிப்போனார்கள். வகுப்பில் எல்லோரும் போகிறார்கள் என்று வீட்டில் நச்சரித்து, ஒருவழியாக அப்பாவைச் சம்மதிக்க வைத்திருந்தேன். அதுவும் அரைச் சம்மதம்தான். நல்ல முதுகுப்பை கிடைத்தால் போகலாம், கிடைக்காவிட்டால் இல்லை என்றுவிட்டார். பனியைத் தொலைக்காட்சியில் மட்டுமே பார்த்த மனிதர் நல்ல பையை எப்படிக் கண்டுபிடிப்பார் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அந்த அரைச் சம்மதமும் போய்விடும்.

ஒரு சனிக்கிழமை நாங்கள் குடியிருந்த பிளாக்ஹவுஸ் பேயிலிருந்து பாலம் தாண்டி, பெரிய கடைகள் இருக்கும் ஆல்பனிக்குப் போனோம். அப்பா, அம்மா, நான். கடையில் ஒரு சுவர் முழுக்கப் பைகள். நான் நேரே போய் ஆரஞ்சு நிறப் பை ஒன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். ஸ்கீ பலகைகளைக் கட்ட இரண்டு பக்கமும் பட்டி, நெஞ்சுப் பட்டியில் குட்டி விசில். என் தோழியிடமும் அதே பைதான்.

"அதை வை பிள்ளை," என்றார் அப்பா. "தூரத்திலயே தெரியும்."

தெரிந்தால் என்ன என்று ஆங்கிலத்தில் கேட்டேன். அப்போதெல்லாம் அவர்கள் தமிழில் கேட்பார்கள், நான் ஆங்கிலத்தில் பதில் சொல்வேன், யாருக்கும் வருத்தமில்லை.

அப்பா வேறு பைகளைச் சோதிக்கத் தொடங்கினார். சோதித்த விதம்தான் வினோதம். ஒவ்வொன்றையும் என் முதுகில் மாட்டி, கூடார வரிசைக்கும் சப்பாத்து வரிசைக்கும் நடுவே ஓடச்சொன்னார். குனிந்து ஓடச்சொன்னார். பிறகு பையைச் சட்டென்று கழற்றி எறிந்துவிட்டுக் குப்புறப் படுக்கச்சொன்னார். ஸ்கீ பண்ணுகிறவர்கள் இப்படித்தான் செய்வார்களாக்கும் என்று நானும் படுத்து எழுந்தேன். கடையில் வேலைசெய்த பெண் எங்களையே பார்த்தாள். எனக்கு மானம் போயிற்று. அம்மா ஒன்றுமே நடவாததுபோலக் கையுறைகளைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் அப்பா ஒரு வெள்ளைப் பையை எடுத்தார். பட்டிகூட வெள்ளை. வகுப்பில் முதலாம் பிள்ளையாக வந்தவர் மாதிரி முகம்.

"இதுதான் சரி. பனியும் வெள்ளை, பையும் வெள்ளை. மேலயிருந்து பார்த்தாலும் ஒருத்தருக்கும் தெரியாது."

அந்தப் பெண் பொறுக்கமுடியாமல் வந்தாள். வெள்ளைப் பை பட்டணத்துக்கு அழகு, மலைக்கு வேண்டாம் என்று பணிவாகச் சொன்னாள். யாராவது வழிதவறினால் ஹெலிகொப்டரில்தான் தேடுவார்கள், மேலிருந்து தேடுகிறவர்கள் கண்ணில் பட ஆரஞ்சுதான் நல்லது என்றாள்.

அப்பா அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அம்மாவிடம் திரும்பி, "ஹெலிக்குத் தெரியவேணுமாம்," என்றார்.

அம்மா கையுறைகளை வைத்துவிட்டு வந்தார். "இஞ்சேருங்கோ, இந்த ஊர் ஹெலி சுடுறதுக்கு வாறேல்லை. தூக்கிக்கொண்டு போகத்தான் வரும்."

ஹெலிகொப்டர் சுடாது என்பதை ஒரு பெரிய மனிதருக்கு ஏன் எடுத்துச் சொல்லவேண்டும் என்று எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை. அப்பா வெள்ளைப் பையைத் திரும்பச் சுவரில் மாட்டிவிட்டு ஆரஞ்சுப் பையை வாங்கினார். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

அத்துடன் முடியவில்லை. வெளியே திறந்த வெளியில் என்னைப் பையோடு நிற்கவைத்துவிட்டு, அப்பா கார் நிறுத்தும் கட்டடத்தின் மேல்மாடிக்கு ஏறி எட்டிப் பார்த்தார். மழை தூறிக்கொண்டிருந்தது.

"தெரியுதா?" என்று அம்மா கீழிருந்து கேட்டார்.

அப்பா என்னை இன்னும் தள்ளிப் போகும்படி கையைக் காட்டினார். போனேன். திரும்பவும் கையைக் காட்டினார். போகிற வருகிறவர்கள் எல்லாம் பார்த்தார்கள். எனக்கு அழுகை வந்தது. பையும் வேண்டாம், பனியும் வேண்டாம், வீட்டுக்குப் போனால் போதும் என்றிருந்தது. வெகுநேரம் கழித்து இறங்கி வந்தபோது அவர் கண் சிவந்திருந்தது.

"நல்லாத் தெரியுது பிள்ளை," என்றார். "போயிட்டு வா."

அவர் பையைச் சோதிக்கிறார் என்றுதான் நினைத்தேன். ஊரில் போர் நடந்தபோது வானத்திலிருந்து பார்த்துச் சுட்டவர்களின் கண்ணில் படாமல் ஒளிந்தே உயிர் தப்பிய ஒருவர், தன் மகளைப் பளிச்சென்று தெரியும்படி வெட்டவெளியில் நிற்கவைத்து, அப்படி நின்றாலும் அவளுக்கு ஒன்றும் ஆகாது என்று தன்னை நம்பவைக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தார் என்பது மழையில் நனைந்துகொண்டு நின்ற எனக்குத் தெரியாது.