நுனியில் தேய்ந்த ஷூ

ரயில் நிலையப் படிக்கட்டுக்கு அடியில் அவர் ஷூ ரிப்பேர் கடை வைத்திருந்தார். காலணியைப் புரட்டிப் பார்த்தே போட்டவரின் நடையை அக்குவேறு ஆணிவேறாகச் சொல்லிவிடுவார். அப்படியொரு பேர், அப்படியொரு வாய். சொந்த மகள் விஷயத்தில் மட்டும் கோட்டை விட்டார்.

இரண்டு வயது மகளின் ஷூ நுனியில் மட்டும் தேய்ந்தது. குதிகால் பக்கம் புத்தம் புதுசு. வேறொருவர் என்றால் பதறியிருப்பார். இவர் நுனியில் ரப்பர் துண்டு ஒட்டினார். அதுவும் தேய்ந்ததும் இன்னும் தடிமனாக ஒட்டினார். நுனிக்காலில் நடக்கும் மகாராணிக்குத் தரையில் கால் படாது என்று வாடிக்கையாளர்களிடம் பெருமை வேறு.

பிறகு பிள்ளை அடிக்கடி விழுந்தாள். பேசிய ஏழெட்டு வார்த்தைகளையும் ஒவ்வொன்றாக விட்டாள். கடைசியில் ‘அப்பா’வும் போயிற்று. மனைவி துணிக்கடை வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, கணவரையும் இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

டாக்டர் பிள்ளையின் காலை மடக்கப் பார்த்தார்; விறைத்துக்கொண்டு மடங்க மறுத்தது. தலையை டேப்பால் அளந்தார், வயதுக்குச் சிறியது. ரத்தத்தில் எச்.ஐ.வி. இருந்தது. தாயிடமிருந்து வந்த கிருமி மூளையைத் தொட்டதால்தான் காலும் பேச்சும் இப்படி என்றார். கர்ப்பமான புதிதில் எடுத்த டெஸ்டில் எதுவும் இல்லையே என்றாள் மனைவி. அதற்குப் பிறகு தொற்றியிருக்கும் என்றார் டாக்டர், பார்வையைக் கணவர் பக்கம் திருப்பாமல்.

வாய்க்குப் பேர்போனவர் தானாகவே ரத்தம் கொடுக்கக் கையை நீட்டினார். அவர் ரத்தத்திலும் இருந்தது. எங்கிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியும். வெட்கமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது.

"என்கிட்டருந்துதான்," என்றார் மனைவியிடம்.

"உங்கள அப்புறம் பாத்துக்கறேன். முதல்ல இவளுக்கு மருந்து."

மருந்து கிருமியை அடக்கும், ஒருநாளும் விடக்கூடாது, போனதில் எவ்வளவு திரும்பும் என்று மட்டும் சொல்ல முடியாது என்றார் டாக்டர். மாதங்கள் போயின. கால் விறைப்பு கொஞ்சம்தான் தளர்ந்தது, பிள்ளைக்குப் பேச்சு திரும்பவில்லை. வீட்டில் தேவைக்கு மட்டும் பேச்சு. மருந்து வேளையில் மட்டும் இருவரும் ஒன்றாக உட்கார்ந்தார்கள்.

ஒரு காலையில் அவர் மருந்தை நீட்டியபோது பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"வேணாம்."

மனைவி அழுதுகொண்டே பிள்ளையின் தாடையைப் பிடித்தாள்.

"இன்னொரு தடவ சொல்லுடி."

வேணாம், வேணாம் என்று அவள் கத்தக் கத்த, இருவருமாகப் பிடித்து மருந்தை ஊட்டினார்கள்.